எண்பது வெள்ளிக்குக் கத்தி, இருபது வெள்ளிக்குக் கல்

கேள்வி: ஐயா, வணக்கம். மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறேன். வயது 26. நாள் முழுக்க அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பட்டை, நைலான் கயிறு என்று எதையாவது வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சனி, ஞாயிறுகளில் மாமாவோடு ஏர்கோன் (குளிர்சாதனம்) மாட்டப் போவேன். மூன்று மாதத்துக்கு முன்னால் இணையத்தில் 15 வெள்ளி 90 காசுக்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். ராணுவக் கத்தி மாதிரி கறுப்பாக, பார்க்க நன்றாக இருந்தது. போன மாதம் ஒரு பெட்டியில் சிக்கிய பட்டையை நெம்பும்போது பூட்டு விட்டுப்போய் ஆள்காட்டி விரல்மேல் மடங்கிவிட்டது. நான்கு தையல். இனி உருப்படியாக ஒன்று வாங்க 100 வெள்ளி எடுத்து வைத்திருக்கிறேன். ‘டி2 எஃகு வாங்கு’ என்கிறான் கூட வேலை செய்யும் நண்பன். ‘சுவிஸ் கத்தி வாங்கு’ என்கிறார் மாமா. ‘நைட் ஷிஃப்ட் முடிந்து மோட்டாரில் வரும்போது போலீஸ் ரோட்புளோக்கில் நிறுத்தினால் என்ன செய்வீர்கள்’ என்று மனைவி பயப்படுகிறாள். எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, கத்திக்கு முன்னால் விரலைப் பற்றி ஒரு வார்த்தை. தையல் பிரித்த பிறகும் நுனி மரத்தே இருக்கிறதா? கடைசிக் கணு முழுசாக மடங்கவில்லையா? அப்படியென்றால் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே நரம்போ தசைநாணோ அறுபட்டிருந்தால், நாள் தள்ளத் தள்ள அதைச் சரிசெய்வது கடினம். கிளினிக்கில் மறுபடி போய்க் காட்டுங்கள்.

பட்டர்வொர்த்தில் இரும்புச் சாமான் கடை வைத்து எனக்கு 22 வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கருவி ஸ்டோரில் இருந்தேன். கடை வாசலில் சாணையும் பிடித்துத் தருகிறேன். விரலில் கட்டோடு கத்தி வாங்க வருகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. ‘எவ்வளவுக்கு வேண்டும்’ என்று அவர்களிடம் நான் கேட்பதில்லை. ‘வெட்டுப்பட்டபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்’ என்றுதான் கேட்பேன். உங்களிடம் அதைக் கேட்கவும் வேண்டியதில்லை. நீங்களே எழுதிவிட்டீர்கள்: நெம்பிக்கொண்டிருந்தீர்கள்.

இங்கேதான் மடக்குக் கத்தியின் சூட்சுமம் இருக்கிறது. கத்தியை வைத்து ஒன்றை அறுக்கும்போது, அழுத்தம் கத்தியின் வாயில், அதாவது கூர் விளிம்பில், விழுகிறது. அந்த அழுத்தம் அலகை இன்னும் திறக்கிற பக்கமாகத்தான் தள்ளும். அலகு போய் உள்ளே இருக்கும் தடையில் முட்டி நிற்கும். அப்போது பூட்டுக்கு வேலையே இல்லை. பூட்டு இல்லாத பழைய பேனாக்கத்தியை வைத்துக்கொண்டு நம் தாத்தாக்கள் காலம் முழுக்க விரல் போகாமல் பிழைத்தது அதனால்தான். ஆனால் நெம்பும்போதும், குத்தும்போதும், சிக்கிக்கொண்ட அலகை ஆட்டி ஆட்டி வெளியே இழுக்கும்போதும் விசை முதுகுப் பக்கமாகவோ பக்கவாட்டிலோ போகிறது. அந்த நேரத்தில் உங்கள் விரலுக்கும் கத்தியின் வாய்க்கும் நடுவே நிற்பது ஒரு மெல்லிய தகடு மட்டும்தான். 500 வெள்ளிக் கத்தியாக இருந்தாலும் நெம்புவதற்கு அது ஆகாது. நெம்ப வேண்டுமா, ஒரு பழைய தட்டை ஸ்க்ரூடிரைவர் போதும்.

அதற்காக அந்த 15 வெள்ளி 90 காசுக் கத்தியை நான் நல்லவன் ஆக்கவில்லை. இந்த விலையில் வருவதெல்லாம் பெரும்பாலும் பக்கத்தகடு பூட்டு. பிடிக்குள் ஓரமாக ஒரு தகடு வில் மாதிரி வளைந்திருக்கும். அலகு முழுசாகத் திறந்ததும் அது நடுப்பக்கமாக நகர்ந்து அலகின் அடிக்கு முட்டுக்கொடுக்கும். நல்ல யோசனைதான். விலை உயர்ந்த கத்திகளிலும் இதே முறை உண்டு. வித்தியாசம் தகட்டின் கனத்திலும், தகடும் அலகும் தொடுகிற அந்த முகத்தை எவ்வளவு ஒழுங்காகத் தேய்த்திருக்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது. அந்த முகம் ஒரு மயிரிழை சரிவாக இருந்தால் போதும், முதுகில் தட்டினால் தகடு வழுக்கிக்கொண்டு விலகிவிடும்.

இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். உங்கள் வேலையில் அட்டைத் தூளும் செலோடேப் பசையும் ஓயாமல் கத்திக்குள் போகும். இரண்டும் சேர்ந்து மை மாதிரி ஒரு கசடாகி, தகடு வந்து உட்கார வேண்டிய மூலையில் அடைத்துக்கொள்ளும். தகடு பாதி வழியிலேயே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டியது போலத்தான் தெரியும். கடைக்கு ‘பூட்டு போய்விட்டது’ என்று கொண்டுவரும் கத்திகளில் பலவற்றை நான் பழுதே பார்ப்பதில்லை. பழைய டூத்பிரஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எந்தக் கத்தி வாங்கினாலும் வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

சரி, எதை வாங்குவது? உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன். கிடங்கு வேலைக்கு மடக்குக் கத்தியே வேண்டாம்.

அட்டைப்பெட்டி மெத்தென்று இருப்பதால் கத்தியை ஒன்றும் செய்யாது என்று நினைப்பார்கள். நேர்மாறு. காகிதத்தில் களிமண், சுண்ணாம்பு மாதிரியான தாதுப்பொடிகள் கலந்திருக்கும். மறுசுழற்சி அட்டையாக இருந்தால் மண்ணும் மணலும்கூட மிச்சம் இருக்கும். ஒரு நாள் முழுக்க அட்டை வெட்டுவதும் கத்தியை உப்புத்தாளில் இழுப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எவ்வளவு உயர்ந்த எஃகாக இருந்தாலும் சாயங்காலம் மழுங்கியிருக்கும். இந்தத் தொல்லைக்கு விடை 1956லேயே வந்துவிட்டது. ஜப்பானில் ஒசாகாவில் ஒக்காடா யோஷியோ என்பவர் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் வேலையில் இருந்தார். பிளேடு நுனி மழுங்கினால் முழு பிளேடையும் வீச வேண்டியிருந்தது. சாக்லேட் கட்டியைக் கோடு கோடாக ஒடித்துத் தின்பதையும், உடைந்த கண்ணாடிச் சில்லின் புது விளிம்பு கூராக இருப்பதையும் சேர்த்து யோசித்து, நுனியை ஒடித்து ஒடித்துப் புதுசாக்கும் பிளேடைச் செய்தார். ஓல்ஃபா என்ற பெயரே ஜப்பானியத்தில் ‘ஒடிக்கும் அலகு’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததுதான். நாம் இங்கே பென்னைஃப் என்று சொல்கிறோமே, பள்ளிப் பிள்ளைகள் பென்சில் பெட்டியில் இருக்கும் அதே சாமான். அதில் 18 மில்லிமீட்டர் அகலப் பிளேடு போடுகிற தடித்த வகையை எடுத்துக்கொள்ளுங்கள். 9 மில்லிமீட்டர் காகிதத்துக்கு, பெட்டிக்கு ஆகாது. ஒடிக்கும்போது கையால் ஒடிக்காமல் பிளையரால் ஒடித்து, மூடி போட்ட ஒரு டின்னில் போடுங்கள்.

இதையும் உங்கள் காசில் வாங்குவதற்கு முன்னால் சூப்பர்வைசரிடம் கேளுங்கள். 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி வேலையிடத்தைக் கூடியமட்டும் ஆபத்தில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை. அட்டையை விட்டுக் கை வழுக்கினதும் பிளேடு தானாகவே உள்ளே போய்விடும் பாதுகாப்பு கட்டர் பல கிடங்குகளில் கம்பெனியே கொடுக்கிறது. மடக்குக் கத்தியைக் கிடங்குக்குள் கொண்டுவரவே கூடாது என்று விதி வைத்திருக்கும் இடங்களும் உண்டு. உங்கள் இடத்தில் என்ன விதி என்று தெரிந்துகொண்ட பிறகு பணத்தை வெளியே எடுங்கள்.

பிளாஸ்டிக் பட்டைக்கும் கத்தி வேண்டாம். இறுகக் கட்டிய பட்டை அறுந்த மறுவினாடி சாட்டை மாதிரி முகத்துக்கு வரும். இரும்புப் பட்டை என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு கையால் பட்டையை அழுத்திப் பிடித்து, உடம்பை ஓரமாக ஒதுக்கி, தகடு வெட்டும் கத்தரியால் வெட்டுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வயர் உறைக்கும் அதே கதை. ஏர்கோன் வேலையில் கத்தியால் உறையைச் சுரண்டினால் உள்ளே செம்புக் கம்பியில் கீறல் விழும். பின்னால் அந்த இடத்தில்தான் சூடாகும், ஒடியும். மாமாவிடம் வயர் உரிக்கும் பிளையர் இல்லாமலா இருக்கும்?

ஆகக் கூடி மடக்குக் கத்திக்கு மிச்சம் இருப்பது கயிறு, செம்புக் குழாய்மேல் சுற்றும் கறுப்பு ஸ்பஞ்ச் உறை, சுவரில் அப்பிய சிலிக்கோன், சுற்றுக்கட்டு டேப், மத்தியான நேரத்தில் ஒரு கொய்யாப்பழம். இதற்கு எட்டு, எட்டரை சென்டிமீட்டர் அலகு தாராளம். அதற்குமேல் நீளமானால் வேலையும் கூடாது, போலீஸ்காரர் பார்வையும் மாறும்.

இப்போது உங்கள் நண்பர் சொன்ன டி2. நல்ல எஃகு, மறுக்கவில்லை. அச்சுகளும் வெட்டுக் கருவிகளும் செய்யத் தொழிற்சாலைகளில் புழங்குவது; நான் ஸ்டோரில் இருந்தபோது கட்டி கட்டியாகக் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கூர் நீண்ட நாள் நிற்கும். ஆனால் இரண்டு சங்கதி. முதலாவது, அது துருப்பிடிக்காத எஃகு அல்ல. அதில் குரோமியம் ஏறக்குறைய 12 சதவீதம் இருக்கிறது, கணக்குக்குப் போதும்தான். ஆனால் அதில் பெரும்பங்கைக் கார்பன் இழுத்துக் கடினமான துகள்களாக்கி வைத்துக்கொள்கிறது. துருவைத் தடுக்க மிஞ்சுவது கொஞ்சம். நம் ஊரில் காலையில் வீட்டுச் சுவரே வியர்க்கிறது, கடல்காற்று வேறு. ஏர்கோன் மாட்டும் ஆளின் உள்ளங்கை வியர்வையில் இருக்கும் உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டு நாள் துடைக்காமல் பையில் கிடந்தால் புள்ளி புள்ளியாக வந்துவிடும். இரண்டாவது, மழுங்கினால் சாதாரணக் கல்லில் தீட்டி எடுக்க உங்களுக்குப் பொறுமை போய்விடும். மூன்றாவதாகவும் ஒன்று உண்டு: அலகில் ‘டி2’ என்றோ ‘440சி’ என்றோ பொறித்திருப்பதால் மட்டும் அது அதுவாகிவிடாது. எஃகைக் கண்ணால் பார்த்து இன்னது என்று சொல்ல எனக்கே தெரியாது. முப்பது வெள்ளிக் கத்தியில் அந்தப் பொறிப்பைப் பார்த்தால் நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

உங்களுக்கு வேண்டியது துரு லேசில் ஏறாத, கொஞ்சம் மிருதுவான, ஐந்து நிமிஷத்தில் தீட்டிவிடக்கூடிய எஃகு. சுவீடனின் 12சி27, சீனாவின் 8சிஆர்13எம்ஓவி, ஜப்பானின் ஏயுஎஸ்8 எல்லாம் இந்த ரகம். இவற்றில் எது கிடைத்தாலும் சரி. இதற்குமேல் எஃகின் பெயரைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் வீடியோ பார்க்க வேண்டாம்.

மாமா சொன்ன சுவிஸ் கத்திக்கு வருகிறேன். கார்ல் எல்செனர் இபாஃக் என்ற ஊரில் 1884ல் தொடங்கிய பட்டறை, இன்றைக்கு விக்டோரினொக்ஸ். சுவிஸ் ராணுவத்துக்கு 1891லிருந்து கத்தி செய்து கொடுத்தவர்கள். செய்நேர்த்தியில் குறை சொல்ல இடமில்லை, துருவும் பிடிக்காது, ஸ்க்ரூடிரைவரும் டின் திறப்பானும் சேர்ந்தே வரும். ஆனால் வழக்கமான சிவப்புப் பிடி மாடல்களில் அலகுக்குப் பூட்டு கிடையாது. வில்லின் அழுத்தத்தில்தான் நிற்கும். அறுக்க மட்டும் பயன்படுத்துகிறவருக்கு அது போதும். நெம்பிப் பழகிய கைக்கு, அதுவும் ஒருமுறை வெட்டுப்பட்ட கைக்கு, நான் கொடுக்க மாட்டேன். பூட்டுள்ள பெரிய மாடல்கள் உங்கள் நூறைத் தாண்டிவிடும். மாமா கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

நான் உங்களுக்குச் சொல்வது ஒப்பினெல், எட்டாம் எண், துருப்பிடிக்காத அலகு. பிரான்சில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்துச் சவோயில் 1890ல் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய விவசாயிக் கத்தி. இன்றைக்கும் ஏறக்குறைய அதே உருவம்: ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஒரு வளையம். அலகு 8.5 சென்டிமீட்டர். எடை ஒரு முட்டை அளவுகூட வராது. 1955ல் சேர்த்த அந்த வளையம்தான் பூட்டு. அலகைத் திறந்து, கழுத்தில் இருக்கும் வளையத்தைக் கட்டைவிரலால் ஒரு திருகு திருகினால், அலகு திரும்பி வரும் வழியை வளையம் அடைத்துவிடும். மெல்லிய வில் தகடு ஏதும் இல்லை. பூட்டியிருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். வழக்கமாக 100 வெள்ளிக்குள் அடங்கிவிடும். பார்ப்பதற்கும் பழம் நறுக்கும் கத்தி மாதிரிதான் இருக்கும், யாரும் மிரள மாட்டார்கள். அலகு மெல்லிசு, அதனால் வெட்டு சுலபம். நெம்பினால் நுனி ஒடியும். அந்தப் பயம் உங்களுக்கு இருப்பது நல்லதுதான்.

குறை இல்லாமல் இல்லை. வளையத்தைத் திருக மறந்தால் பூட்டு இல்லை. அது உங்கள் பழக்கத்தைப் பொறுத்தது. திறக்க இரண்டு கையும் வேண்டும். ஏணிமேல் ஒரு கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திறக்க முடியாது. (ஏணிமேல் நின்று கத்தியைத் திறக்கவே கூடாது என்பது என் கட்சி. கீழே நிற்கும் ஆள் திறந்து நீட்டட்டும்.) பெரிய தொல்லை அந்த மரப்பிடி. பீச் மரம், ஈரம் குடிக்கும். அக்டோபர், நவம்பர் மழையில் மோட்டார் பெட்டிக்குள் கிடந்தால் மரம் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும், நகத்தால் இழுத்தாலும் வராது. சவோய்க்காரர்களே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வளையத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் ஓங்கி ஒரு தட்டு. அலகு தலையை நீட்டும். நான் என் கத்தியை வாங்கின அன்றைக்கே அலகு படுக்கும் பள்ளத்தை உப்புத்தாளால் இரண்டு பக்கமும் லேசாகத் தேய்த்துவிட்டு, ஆளிவிதை எண்ணெயை மூன்று நாள் மூன்று தடவை பூசிக் காயவைத்தேன். இப்போது மழைக்குக் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான்.

‘இல்லை அண்ணே, எனக்கு ஒரு கையால் திறக்கிற கத்திதான் வேண்டும்’ என்றால், பக்கத்தகடு பூட்டோ, பிடியின் முதுகில் அழுத்தி விடுவிக்கும் முதுகுப்பூட்டோ உள்ள கத்தியைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். பார்க்கும் விதம் இது. மூடிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். அலகு வெளியே எட்டிப் பார்த்தால் வைத்துவிடுங்கள். திறந்து, தகடு அலகின் அடியில் எந்த இடத்தில் வந்து நிற்கிறது என்று பாருங்கள். ஓரத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் நின்றால் ஆபத்து. புதுக் கத்தியிலேயே எதிர்ப்பக்கம் வரை போய் முட்டியிருந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும். பாதிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் நல்லது. பிறகு, விரல்கள் எல்லாவற்றையும் அலகு மடங்கும் வழியிலிருந்து விலக்கிவிட்டு, உள்ளங்கையால் மட்டும் பிடியைப் பிடித்து, அலகின் முதுகை ஒரு தடித்த புத்தகத்தின்மேல் இரண்டு மூன்று முறை தட்டுங்கள். மடங்கினால் கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கடைசியாக அலகைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இடமும் வலமும் ஆடினால் மூட்டுத் திருகை இறுக்கினால் போகும். மேலும் கீழும் ஆடினால் அது பூட்டின் கோளாறு, திருத்த முடியாது. இணையத்தில் வாங்கினால் இதில் ஒன்றையும் செய்ய முடியாது என்பதால்தான் கடைக்குப் போகச் சொல்கிறேன், நான் கடைக்காரன் என்பதற்காக மட்டும் அல்ல. லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய கருவிகளுக்கு நடுவே நல்ல கத்தி அகப்படுவதும் உண்டு. அங்கேயும் இதே சோதனைதான், அதோடு பேரமும்.

பாதிப் பல் பாதி வழுவழு என்று ரம்பம் மாதிரி இருக்கும் அலகு வேண்டாம். கயிறு நன்றாக அறுக்கும், ஆனால் பல் மழுங்கினால் தட்டைக் கல்லில் தீட்ட முடியாது. என்னிடம்தான் கொண்டுவர வேண்டியிருக்கும்.

நூறில் எண்பதுக்குள் கத்தியை முடித்துக்கொள்ளுங்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. மீதி இருபதுக்கு ஒரு சாணைக்கல் வாங்குங்கள். ஒரு பக்கம் 400 (சொரசொரப்பு), மறுபக்கம் 1000 (வழுவழுப்பு) என்று இரட்டைப் பக்கக் கல்லாக இருக்கட்டும்.

என் அப்பா நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பால்வெட்டும் கத்தியை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தீட்டி வைக்காமல் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. ரப்பர் மரத்தில் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி கூராக இருந்தால் இழுத்த இழுப்புக்கு வரும். மழுங்கியிருந்தால் அழுத்துவீர்கள், அழுத்தினால் கத்தி உள்மரத்தில் இறங்கிவிடும், அந்தக் காயம் ஆறி முடிச்சாகி அடுத்த சுற்றுக்குப் பட்டை உதவாது. மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) வந்து மரத்தைத் தடவிப் பார்த்தே யார் கத்தி மழுங்கல் என்று சொல்லிவிடுவார். கிடங்கிலும் அதே கணக்குதான். மழுங்கின கத்தியை நீங்கள் அழுத்துகிறீர்கள், அது திடீரென்று விடுகிறது, மறுபக்கம் இருப்பது மரமல்ல, உங்கள் தொடை.

தீட்டுவது மந்திரமில்லை. கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு, வழுக்காமல் ஈரத் துணிமேல் வையுங்கள். அலகின் வாயில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். முதுகைக் கல்லிலிருந்து கொஞ்சம் தூக்குங்கள்: இரண்டு சென்டிமீட்டர் அகல அலகுக்கு ஏழு மில்லிமீட்டர் உயரம், அதாவது ஏறக்குறைய 20 பாகைச் சாய்வு. கல்லின்மேல் இருந்து மெல்லிய ஒரு படலத்தைச் சீவி எடுப்பது போல, வாய் முன்னால் போக இழுங்கள். இரண்டு இழுப்புக்குப் பிறகு மை எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். வாயோரத்தில் போயிருந்தால் சாய்வு சரி. மேலே மட்டும் போயிருந்தால் முதுகை இன்னும் தூக்குங்கள். ஒரே பக்கமாகத் தீட்டிக்கொண்டே வந்தால் எதிர்ப்பக்கத்தில் ஒரு பிசிறு எழும்பும், விரல் நுனியை முதுகிலிருந்து வாய்ப்பக்கம் வருடினால் சொரசொரப்பாகத் தட்டுப்படும். (வாயின் நீளவாட்டில் விரலை ஓட்டிவிடாதீர்கள், இன்னொரு தையல் ஆகிவிடும்.) பிசிறு அடியிலிருந்து நுனி வரை எழும்பினால் மட்டும் மறுபக்கம் திருப்புங்கள். பாதியில் திருப்புவதால்தான் ‘எவ்வளவு தீட்டியும் கூர் வரவில்லை’ என்று ஆட்கள் கடைக்கு வருகிறார்கள். பிறகு 1000 பக்கத்தில் அதே வேலை, அழுத்தமில்லாமல். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், முதுகு முன்னே போக, பக்கத்துக்குப் பத்து இழுப்பு. நாளிதழ் ஓரத்தை அலகு சத்தமில்லாமல் சீவினால் போதும்.

நேரமில்லை என்று மோட்டார் சாணையில் கொடுத்துவிடாதீர்கள். இதுபோன்ற மெல்லிய அலகு அதில் ஒரு கணம் கூடுதலாக நின்றாலே வாயோரம் நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் பதம் போயிற்று, அதற்குமேல் எத்தனை தடவை தீட்டினாலும் கூர் ஒரு நாள் தாங்காது.

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. நான் வக்கீல் இல்லை, ஆனால் கத்தி விற்கிறவன் தெரிந்து வைத்திருக்க வேண்டிய அளவு சொல்கிறேன். 1958ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், அபாயகர ஆயுதங்கள் சட்டத்தின் 6ஆவது பிரிவு, சட்டப்படியான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. தண்டனை 5 வருஷத்திலிருந்து 10 வருஷம் வரை சிறை, பிரம்படியும் உண்டு. ஆயுதம் என்றால் பாராங் மாதிரி வெட்டரிவாள் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். காயம் உண்டாக்கக்கூடிய எந்தச் சாமானும் அதில் அடங்கலாம். எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் தானே பாய்ந்து திறக்கும் கத்தி இருக்கிறதே, அதை வேலைக்கென்றுகூட வாங்க வேண்டாம். இணையத்தில் விற்கிறார்கள் என்பது ஒரு சமாதானமே இல்லை.

அதனால் கத்தி இருக்க வேண்டிய இடம் கால்சட்டைப் பை அல்ல, கருவிப் பை. ஸ்க்ரூடிரைவர், டேப், அளவுநாடாவோடு அதுவும் ஒன்றாகக் கிடக்கட்டும். வார நாளில் அது வீட்டிலேயே இருக்கட்டும். கிடங்குக்கு கட்டர் போதும் என்று சொன்னேனே, அந்தக் கட்டரும் லாக்கரிலேயே தூங்கட்டும். நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது உங்களிடம் கத்தியே இருக்காது, மனைவியும் நிம்மதியாக இருப்பார். சனிக்கிழமை மாமாவோடு போகும்போது ரோட்புளோக்கில் நிறுத்தினால், கையை ஹேண்டில்பாரிலேயே வைத்துக்கொண்டு, கேட்டால் ‘கருவிப் பை, ஏர்கோன் வேலைக்குப் போகிறோம், உள்ளே ஒரு கத்தி இருக்கிறது’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களே எடுத்துப் பார்க்கட்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும்போதும், கோர்ட்டுக்கோ போலீஸ் நிலையத்துக்கோ போகும்போதும் பையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். விமானத்தில் போவதாக இருந்தால் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் சோதனைக்கு முன்னாலேயே பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடுங்கள். கைப்பையில் மறந்து கொண்டுபோய் ஒரு நல்ல கத்தியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன் நான்.

பழைய கறுப்புக் கத்தியை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் எங்கோ கிடக்கும். தம்பிக்கோ நண்பனுக்கோ கொடுத்துவிடாதீர்கள். மூடிய நிலையில் முழுக்க டேப்பால் இறுகச் சுற்றி, ஒரு பழைய பால்டின்னுக்குள் போட்டு, அதன் வாயையும் டேப் போட்டு அடைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். பை தூக்க வருகிறவர் வெறுங்கையோடுதான் தூக்குவார்.